பாயில் சமுத்திரம் தாண்டும் வேக சாதனைகள்: தொண்டிக் கரையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தொண்டி, நம்புதாளைப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும் நாளில் நான் கரையை விட்டு நகர மாட்டேன். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் பாய் வத்தை, அதாவது பாய் கட்டி ஓட்டும் படகு, இருந்தது. அப்பா காலத்தில் அதில் எஞ்சின் ஏறியது, பாய் பரணுக்குப் போனது. ஒரு போட்டி முடிந்த சாயங்காலம், வலை பொத்தும் கொட்டகையில் உட்கார்ந்து, அட்லாண்டிக்கைத் தாண்டும் பிரெஞ்சுப் பாய்மரப் படகு ஒன்றின் வீடியோவைப் பையன்களுக்குப் போனில் காட்டினேன். அப்புறம் கேள்வி நிற்கவே இல்லை. பெரியவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அன்றும் அதற்குப் பிறகும் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பாயிலேயே சமுத்திரம் தாண்டியதில் பெரிய சாதனை எது, மாமா?

எல்லோரும் முதலில் சொல்வது வட அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்கே தாண்டுவது. நியூயார்க் துறைமுக வாசலில் ஆம்ப்ரோஸ் விளக்கு இருந்த இடத்தில் நேரம் தொடங்கும். இங்கிலாந்தின் தென்கோடியில் உள்ள லிசார்ட் முனையைத் தாண்டினால் நேரம் நிற்கும். நடுவே சுமார் 2,880 கடல் மைல்.

2009-இல் 'பாங்க் பொப்யுலேர் 5' என்ற பிரெஞ்சுப் படகு, பாஸ்கல் பிடெகோரி தலைமையில், இதை 3 நாள் 15 மணி 25 நிமிடம் 48 விநாடியில் முடித்தது. சராசரி வேகம் 32.94 நாட், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். நடுவில் ஒரு 24 மணி நேரத்தில் மட்டும் 908 கடல் மைல் ஓடியிருக்கிறது. கிட்டத்தட்ட 1,680 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குச் சாலை வழியே போவதைப் போல மூன்று மடங்கு தூரம், ஒரு சொட்டு டீசல் இல்லாமல். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த நேரத்தை யாரும் முறியடிக்கவில்லை.

நாட் என்றால் என்ன கணக்கு?

மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்டு, கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு, மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணினார்கள். முடிச்சுக்கு ஆங்கிலப் பெயர் நாட். நம் படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ் காட்டுவதும் அதே கணக்குதான்.

1905-இல் போட்ட சாதனை எழுபத்தைந்து வருடம் நின்றதாமே, உண்மையா?

உண்மை. எனக்குப் பிடித்த கதையும் அதுதான். ஜெர்மன் கைசர், அதாவது பேரரசர், வைத்த கோப்பைக்காக 1905 மே மாதம் பதினொரு படகுகள் அமெரிக்காவிலிருந்து கிளம்பின. 'அட்லாண்டிக்' என்றே பெயர் கொண்ட, மூன்று பாய்மரம் உள்ள கப்பல் ஜெயித்தது. அதன் தலைவர் சார்லி பார் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 12 நாள் 4 மணி 1 நிமிடம் 19 விநாடி. சராசரி சுமார் 10 நாட். காற்று முற்றி அடிக்கும்போதும் பாயைக் குறைக்க மறுத்த ஆள் அவர்.

அதை முறியடித்தவர் எரிக் தாபர்லி, பிரெஞ்சுக்காரர், 1980-இல். 10 நாள் 5 மணி 14 நிமிடம். எழுபத்தைந்து வருடத்தில் குறைந்தது இரண்டே நாள். அதற்குப் பிறகு முப்பது வருடம்கூட ஆகவில்லை, 10 நாள் மூன்றரை நாளாகச் சுருங்கிவிட்டது. 2001-இல் ஸ்டீவ் ஃபாசெட் 4 நாள் 17 மணிக்குக் கொண்டுவந்தார், 2007-இல் ஃபிராங்க் காமாஸ் 4 நாள் 4 மணிக்குச் சற்றுக் குறைவாக.

ஏன் முதலில் அவ்வளவு மெதுவாகவும் பிறகு இவ்வளவு வேகமாகவும் குறைந்தது? கனமான ஒற்றை உடல் படகு ஓடும்போது முன்னால் அணியத்தில் ஒரு அலை, பின்னால் ஒரு அலை என்று தானே ஒரு பள்ளத்தை வெட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பள்ளத்தை விட்டு மேலே ஏற அதனால் முடியாது. படகு நீளமாக இருந்தால் பள்ளமும் நீளும், வேகமும் கொஞ்சம் கூடும். நீர்க்கோட்டில் 25 அடி நீளமுள்ள கனத்த படகுக்கு ஏழு நாட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான் எல்லை. தாபர்லியின் படகு மூன்று உடல் கொண்டது. பக்க உடல்களில் தண்ணீருக்குள் இறங்கும் தட்டுகளும் வைத்திருந்தார். உடல் மெலிந்ததும் அலைப்பள்ளத்தின் பிடி விட்டது. அப்புறம் கார்பன் ஃபைபர் வந்தது, எடையும் குறைந்தது.

மூன்று உடல் படகு என்றால்? நம் கட்டுமரம் மாதிரியா?

பெயர் நம்முடையதுதான். கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. அதிலிருந்து, மூன்று உடல் உள்ளதற்கு டிரைமரான் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஆள் வேறு. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அதற்குத் தனித்தனி உடல் கிடையாது. டிரைமரானுக்கு நடுவில் ஒரு நீண்ட உடல், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் இரண்டு மிதவை உடல்கள். பாங்க் பொப்யுலேர் 5 நாற்பது மீட்டர் நீளம்.

வேலையைப் பார்த்தால் நம் வத்தைதான் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பேன். வத்தையில் குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டு, காற்றடிக்கிற பக்கம் ஆட்கள் அதன் நுனி வரை போய் நிற்பார்கள். பாய் படகைச் சாய்க்கப் பார்க்கும், ஆட்களின் கனம் அதை நிமிர்த்தும். காற்று ஒரு பிடி கூடினால் ஆள் ஒரு முழம் வெளியே, குறைந்தால் ஒரு முழம் உள்ளே. போட்டியில் பார்த்திருப்பீர்கள், பலகை நுனியில் நிற்பவனின் கால்விரல்கள் பலகையை நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டிருக்கும். அவன் கண் பாயில் இருக்காது, தூரத்தில் தண்ணீர் கறுத்து வருவதில் இருக்கும். டிரைமரானில் அந்த ஆளின் வேலையைப் பக்கத்து மிதவை செய்கிறது.

காற்றை விட வேகமாகப் படகு எப்படிப் போகும்? அது நடக்காது, அண்ணே.

இதை நம்ப வைக்கத்தான் அதிகம் பாடுபட்டேன். கடைசியில் தனுஷ்கோடி சாலைதான் கைகொடுத்தது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு பைக்கில் போங்கள். வண்டியை நிறுத்தினால் காற்று சரியாக வலது தோளில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் போனால் அதே காற்று கன்னத்தில் அடிக்கும். அறுபதில் போனால் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே, முன்னை விட பலமாக அடிக்கும். கடல்காற்று மாறவில்லை, உங்கள் ஓட்டம் தன் காற்றையும் அதோடு சேர்த்துவிட்டது. பாய்க்குத் தெரிவது இந்தச் சேர்ந்த காற்றுதான்.

காற்று நேர் பின்னாலிருந்து தள்ளினால் படகு வேகமெடுக்க எடுக்கப் பாயில் விழும் காற்று குறையும். அதனால் அந்த வழியில் காற்றை முந்த முடியாது. பக்கவாட்டில் வாங்கினால், ஓட ஓடப் பாய்க்குக் கிடைக்கும் காற்று கூடும். தண்ணீரின் இழுவை குறைவாக இருந்தால் படகு அந்தக் கூடுதலையும் தின்று இன்னும் ஓடும். கனத்த படகில் தண்ணீர் விடாது. மெலிந்த டிரைமரானில் விடும். ஃபாயில் என்னும் தட்டு வைத்த படகில், உடலே தண்ணீரை விட்டு எழும்பிவிடும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் குறுந்தூரத்துக்குப் போக வேண்டும். 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் பால் லார்சன் 'சேல்ராக்கெட் 2' என்ற படகை 500 மீட்டர் தூரத்துக்கு சராசரி 65.45 நாட்டில் ஓட்டினார். மணிக்கு 121 கிலோமீட்டர். அது நல்ல படகுதான், ஆனால் சமுத்திரம் தாண்டாது. கரையோரத் தட்டைத் தண்ணீருக்காகவே செய்தது.

அப்போ படகு நல்லதாக இருந்தால் போதும், சாதனை வந்துவிடும்?

வராது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஒரே படகின் கதையைச் சொல்கிறேன். உலகை நிற்காமல் சுற்றுவதற்கு ஜூல் வெர்ன் கோப்பை என்று ஒன்று உண்டு. 2010-இல் குரூப்பாமா 3 என்ற டிரைமரான் பத்துப் பேருடன் 48 நாள் 7 மணியில் சுற்றி வந்தது. அதே படகு கைமாறி, பெயர் மாறி, ஐடெக் ஸ்போர்ட் ஆனது. பிரான்சிஸ் ஜுவாயோன் மொத்தம் ஆறு பேருடன் 2017 ஜனவரியில் 40 நாள் 23 மணி 30 நிமிடத்தில் சுற்றினார். வயதான படகு, குறைந்த ஆட்கள், ஏழு நாள் மிச்சம்!

எப்படி? அவர் முதலில் 2016 நவம்பரில் கிளம்பினார். பூமத்தியரேகைப் பக்கம் காற்று ஒத்துவராது என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டார். டிசம்பர் 16 வரை காத்திருந்து மறுபடி கிளம்பினார். தெற்குக் கடலில் ஒரு தாழ்வழுத்தத்தின் முன்பக்கத்தைப் பிடித்தார். அதன் முதுகில் ஏறிப் போனதுபோல, ஆப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் முனையிலிருந்து டாஸ்மேனியாவின் தெற்கு வரை, இந்து மகா சமுத்திரத்தின் தென்பகுதியை 5 நாள் 21 மணியில் கடந்தார்.

நமக்கு இது தலைகீழாகத் தெரியும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறும், கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, வல்லத்தைக் கரையேற்றிக் கட்டுவோம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நம் புயல்கள் பெரும்பாலும் மேற்கே நம்மை நோக்கி வருகின்றன. வட அட்லாண்டிக்கில் தாழ்வழுத்தங்கள் அமெரிக்கப் பக்கம் கிளம்பி ஐரோப்பாவை நோக்கிக் கிழக்கே போகின்றன. நடுப்புள்ளி படகுக்கு வடக்கே இருக்கும்படி அதன் முன்பக்கத்தில் நின்றுகொண்டால் தென்மேற்குக் காற்று விடாமல் பக்கத்திலிருந்து அடிக்கும். கடலும் அங்கே இன்னும் குமுறி எழுந்திருக்காது, படகு அடிவாங்காமல் ஓடும். பின்தங்கினால் காற்றும் திசை மாறும், கடலும் கெட்டுப்போகும். அதனால் அந்த அமைப்பு நகரும் வேகத்துக்குப் படகும் ஓட வேண்டும். நமக்குக் கூண்டு ஏறுகிற மாதிரி நாள்தான் அவர்களுக்குக் கிளம்பும் நாள்.

அப்படி ஒன்று அமைவதற்காக நியூயார்க்கில் வாரக்கணக்கில், சில குழுக்கள் மாதக்கணக்கில், படகைக் கட்டிப் போட்டுக் காத்திருக்கிறார்கள். கரையில் ஒருவர் வானிலைப் படங்களோடு உட்கார்ந்து 'நாளை காலை' என்று சொல்லும் வரை யாரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. கிளம்பிய பிறகும் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பார்.

என் தாத்தா காற்று பார்க்க விடியற்காலை கரையில் இறங்கி நிற்பார். தலைத்துண்டை அவிழ்த்து ஒரு நுனியைப் பிடித்து விடுவார். வாடையா, கொண்டலா, சோளகமா, கச்சானா என்பது துண்டிலேயே தெரியும். அப்புறம் ஒரு கை மணலை அள்ளித் தண்ணீரில் போட்டு நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும் நாளும் உண்டு. வெறுங்கையோடு திரும்பிய அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவரை ஏன் என்று கேட்டதில்லை.

ஜிபிஎஸ் இல்லாத காலத்திலும் இப்படிக் காத்திருந்துதான் சமுத்திரம் தாண்டினார்களா?

வேறு வழியே இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்க வணிகர் கையேடு ஒன்றில், இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்கத்தான். வைகை முகத்தில் உள்ள நம் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன, கப்பல் கீறிய ஓடு ஒன்றும் கிடைத்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது. கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்களும் காற்றின் பருவம் பார்த்துத்தான் போய் வந்தன.

வேகத்துக்காகவே பந்தயம் வைத்தது தேயிலைக் காலம். 1866-இல் சீனாவின் பூச்சோவிலிருந்து கிளம்பிய டேப்பிங், ஏரியல் என்ற இரண்டு கிளிப்பர் கப்பல்கள் 99 நாள் ஓடி, லண்டன் துறையில் 28 நிமிட இடைவெளியில் சேர்ந்தன.

சாதனையை யார் ஒத்துக்கொள்கிறார்கள்? நான் தாண்டினேன் என்று யாரும் சொல்லிவிடலாமே?

1972-இல் தொடங்கிய உலகப் பாய்மர வேக சாதனைக் குழு என்ற அமைப்பு இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று வழிகளை அவர்கள் வகுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் கருவி படகின் இடத்தைப் பதிந்துகொண்டே வரும், நேரத்தை அவர்கள் சரிபார்ப்பார்கள். ஓட்டத்துக்குக் காற்று மட்டும். எஞ்சினால் உந்தக் கூடாது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சராசரி வேகத்தை, வகுத்த வழியின் மிகக் குறைந்த தூரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். காற்றுக்காக ஐந்நூறு மைல் சுற்றிப் போயிருந்தாலும் அது கணக்கில் சேராது. எனவே படகு உண்மையில் ஓடிய வேகம், சாதனையில் எழுதியதை விட அதிகமாகவே இருக்கும்.

எஞ்சின் கப்பலோடு ஒப்பிட்டால்?

1952-இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பயணிகள் கப்பல், ஆம்ப்ரோஸ் விளக்கிலிருந்து இங்கிலாந்தின் பிஷப் ராக் வரை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் போனது. பயணிகள் கப்பல்களில் அதுவே பெரிய சாதனை. பாயில் போன படகு, ஏறக்குறைய அதே வழியில், அதை விட ஐந்து மணிதான் கூடுதல். இந்த ஒரு ஒப்பீட்டைச் சொன்னதும் கொட்டகையில் இருந்த எஞ்சின் மெக்கானிக் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தனியாளாகவும் போகிறார்களா? தூக்கம்?

போகிறார்கள். ஜுவாயோன் 2017-இல் தனியாகவே அட்லாண்டிக்கை 5 நாள் 2 மணி 7 நிமிடத்தில் தாண்டினார். தூக்கம் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான். பாயின் கீழ்நுனியை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு படுப்பார்கள். படகு சாய்ந்தால் அதைத்தான் முதலில் தளர்த்த வேண்டும்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. டிரைமரான் ஒரு தடவை குப்புறக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. முப்பது நாட்டில் போகும்போது மிதக்கும் மரமோ திமிங்கிலமோ மோதினால் உடல் பிளந்துவிடும். 1978-இல் அலைன் கோலா என்ற பெயர்பெற்ற மாலுமி அட்லாண்டிக் பந்தயத்தில் படகோடு காணாமல் போனார். சார்லி பாரின் சாதனையை முறியடித்த தாபர்லியும் 1998-இல் ஓர் இரவு தன் பழைய படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார்.

நம் நாட்டு அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில், உலகைத் தனியே சுற்றும் பந்தயத்தில், தெற்கு இந்து மகா சமுத்திரத்தில் புயலில் பாய்மரம் முறிந்து முதுகு உடைந்து கிடந்தார். பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒன்று போய் மீட்டது. அவரே அடுத்த முறை நடந்த அதே பந்தயத்தில் 2023-இல் இரண்டாவதாக வந்தார்.

பெண்கள்?

எலன் மகார்த்தர், இங்கிலாந்துப் பெண், 2005-இல் தனியாக உலகை 71 நாள் 14 மணியில் சுற்றினார். அப்போது ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து அதுதான் தனியாள் சாதனை. நம் கடற்படையின் தாரிணியில் 2017-18-இல் ஆறு பெண்கள் உலகைச் சுற்றினார்கள். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து அதே படகில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய இரண்டு அதிகாரிகளில் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். துறைமுகங்களில் நின்று நின்று போன பயணங்கள் இவை, வேகத்துக்காக அல்ல. இருந்தாலும் இதைச் சொன்னபோது கொட்டகைக்கு வெளியே நின்ற இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

பாம்பனில் இருந்து நாமும் ஒரு சாதனை ஓட்டம் விடலாமா?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பாக் நீரிணை சமுத்திரக் கணக்கில் வராது. நம் பெண் கடல் ஆழம் குறைந்தது, தெற்கே மணல்திட்டுகள், கொஞ்ச தூரத்திலேயே சர்வதேச எல்லைக்கோடு. ஆண் கடல் பக்கம் மன்னார் வளைகுடாவில் தீவுகளும் பவளப்பாறையும். பெரிய டிரைமரானுக்கு ஓட இடமே இல்லை.

குறுந்தூரத்துக்கு நிலைமை வேறு. சோளகம் சீராக அடிக்கும் நாளில், தொண்டிப் பக்கம் கரையை ஒட்டிய தட்டைத் தண்ணீரில், ஐந்நூறு மீட்டருக்கு இரண்டு மிதவை போட்டு வத்தை எத்தனை நாட் ஓடுகிறது என்று ஜிபிஎஸ் வைத்து அளக்கலாம். போட்டியில் யார் முதல் என்று மட்டும் எழுதுகிறோம், நேரத்தை எழுதுவதில்லை. துணிப்பாயில் தண்ணீர் இறைத்து நனைத்தால் எவ்வளவு கூடுகிறது, பலகையில் இன்னொரு ஆள் ஏறினால் எவ்வளவு கூடுகிறது என்பதெல்லாம் ஓட்டுகிறவர்களின் உடம்புக்குத் தெரியும், தாளில் இல்லை. அடுத்த போட்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் எதில் ஆரம்பிக்கலாம்?

வீட்டில் வத்தை ஓட்டத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரிடம். முறையான பந்தயப் பாய்மரப் பயிற்சிக்குச் சென்னையில் கிளப்புகள் இருக்கின்றன. ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன் சென்னையில் பழகியவர். உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற படகில். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரே ஒரு பிள்ளை. பதினைந்து வயது வரை ஓட்டலாம்.